நினைவாற்றலும் அதன் விற்பனையும்: ஒரு விமர்சன நோக்கு

மனனஞ் செய்தலைக் கல்வியின் அடித்தளமாகக் கொண்ட சமூகங்களில், நினைவாற்றலைப் பெருக்கும் பொருள்கள் பற்றிய நம்பிக்கை வேரூன்றியிருப்பது வியப்புக்குரியதன்று. தமிழர் இல்லங்களில் இந்நம்பிக்கையின் சின்னமாக விளங்குவது வல்லாரை. பரீட்சைக் காலத்திலே பிள்ளைக்கு வல்லாரைச் சம்பல் பரிமாறும் தாய் எந்தவொரு விஞ்ஞானக் கோட்பாட்டையும் நிலைநாட்ட முயல்பவள் அல்லள்; தன் பரிவை உணவின் வாயிலாகப் புலப்படுத்துபவள். ஆயின் அதே இலை உலர்த்திப் பொடியாக்கப்பட்டு, குளிசையாக உருமாறி, விலைச்சீட்டுடன் கடைக்கு வரும்போது நிலைமை வேறாகிறது. பரிவு அங்கே வாக்குறுதியாகிறது. வாக்குறுதி ஆதாரத்தை வேண்டி நிற்கிறது.

நினைவாற்றல், மனநிலை, மூளைநலம் ஆகிய மூன்றின் பெயராலும் இன்று வழங்கப்படும் வாக்குறுதிகள் இரு வகையின. ஒன்று, விற்றமின்களும் மூலிகைச் சாறுகளும் மீனெண்ணெயும் அடங்கிய குறைநிரப்புப் பொருள்கள் பற்றியது. மற்றையது உடற்பயிற்சி பற்றியது. முன்னையது வணிகம் என்றும் பின்னையது ஒழுக்கம் என்றும் பிரித்து, முன்னையதை ஐயத்துடனும் பின்னையதைப் பக்தியுடனும் அணுகுவது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வணுகுமுறை விமர்சனமாகாது. யாரிடத்தே சோதிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது, எது அளக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் இரண்டினிடத்தும் ஒரே கண்டிப்புடன் எழுப்புதல் வேண்டும்.

குறைநிரப்புப் பொருள்களின் மொழியை முதலில் நோக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று, இத்தகைய பொருள்கள் சந்தைக்கு வருமுன் அவற்றின் பயனை அரசுக்கு நிறுவிக்காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத நிலையை உறுதிப்படுத்தியது. நோயைக் குணப்படுத்தும் என்று கூறலாகாது. உடலின் அமைப்புக்கோ தொழிற்பாட்டுக்கோ துணைபுரியும் என்று கூறலாம். இதன் விளைவாகத் தனித்ததொரு நடை உருவாயிற்று. ‘துணைபுரிகிறது’, ‘பேணுகிறது’, ‘ஊக்குவிக்கிறது’ என்னும் வினைகளே அந்நடையின் உயிர். எவ்வளவு, எத்தனை நாளில், யாருக்கு என்பவை அவ்வாக்கியங்களில் இடம்பெறுவதில்லை. மறதி நோய்க்கு அஞ்சும் முதியவர் ‘துணைபுரிகிறது’ என்பதைக் ‘காப்பாற்றும்’ என்றே வாசிக்கிறார். எழுதியவர் கூறாததை வாசகரின் அச்சம் நிரப்பிக்கொள்கிறது. இலக்கியத்தில் இதனைக் குறிப்புப்பொருள் எனப் போற்றலாம்; மருந்துப் போத்தலின் மீது இது போற்றத்தக்கதன்று.

இந்நடையின் இயல்பைப் ‘பிரெவஜென்’ என்னும் பொருளின் வரலாறு நன்கு விளக்குகிறது. அதன் மூலக்கூறு, ஜெலி மீன் ஒன்றில் முதலில் இனங்காணப்பட்ட ஒரு புரதம். முதுமையடைவோரின் நினைவாற்றலை மேம்படுத்தும் பொருளாக அது பரவலாக விளம்பரம் செய்யப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வில் 218 பேர் 90 நாள்கள் பங்குபற்றினர். 2017ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபரும் உற்பத்தியாளருக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். ஆய்வின் முழுத்தொகுதியிலே போலிக் குளிசை உட்கொண்டோருக்கும் ஏனையோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதும், பின்னர் தரவுகளைப் பல சிறு பிரிவுகளாகக் கூறுபடுத்தி முப்பதுக்கு மேற்பட்ட பகுப்பாய்வுகள் செய்யப்பட்டன என்பதும் அவர்களின் முறைப்பாடு. பல முறை வலை வீசினால் ஏதேனுமொன்று தற்செயலாகவேனும் சிக்கும் என்பது புள்ளிவிபரவியலின் பாலபாடம். 2024ஆம் ஆண்டின் இறுதியில், அப்பொருள் நினைவாற்றலை மேம்படுத்தும் எனக் கூறுவதை நீதிமன்றம் தடைசெய்தது. அதுவரை பல்லாண்டுகளாக அது விற்பனையாயிற்று.

சிறு ஆய்வுகள் தரும் நம்பிக்கை பேராய்வுகளில் நிலைப்பதில்லை என்பதற்கு ஜிங்கோ மரத்தின் இலைச்சாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஆறாண்டுக் கண்காணிப்பின் பின் ஜிங்கோ உட்கொண்டோரில் 277 பேரும் போலிக் குளிசை உட்கொண்டோரில் 246 பேரும் மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். இவ்வேறுபாடு தற்செயலின் எல்லைக்குட்பட்டதே. எனினும் பயன் எதுவும் புலப்படவில்லை. பிரான்சில் 2,800க்கு மேற்பட்டோரிடம் ஐந்தாண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வும் இதே முடிவைத் தந்தது. வல்லாரை பற்றிய சோதனைகளைத் தொகுத்து நோக்கி 2017இல் வெளியான மதிப்பீடும் அறிவாற்றலில் நிலையான மேம்பாட்டைக் காணவில்லை. மனநிலையைப் பொறுத்தவரையிலும், விற்றமின் ‘டி’யும் மீனெண்ணெயும் மனச்சோர்வைத் தடுக்குமா என 18,000க்கு மேற்பட்டோரிடம் ஐந்தாண்டளவில் ஆராயப்பட்டபோது, 2020இலும் 2021இலும் வெளியான முடிவுகள் இல்லை என்றே விடை பகர்ந்தன.

இதனைக்கொண்டு குறைநிரப்புப் பொருள் யாவும் பயனற்றவை என முடிவுகட்டுவதும் பிழையாகும். விற்றமின் பி12 குறைபாடு நினைவுத் தடுமாற்றத்தை ஏற்படுத்தவல்லது. அக்குறையுள்ளவருக்கு அவ்விற்றமின் மருந்தேயாகும். பல்விற்றமின் பற்றிய சான்றுகளும் ஒருமுகமானவையல்ல. 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 6,000 ஆண் வைத்தியரிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு பன்னிரண்டு ஆண்டுகளிலும் பயன் எதனையும் காணவில்லை. 2,262 முதியோரிடம் மூன்றாண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான மற்றோர் ஆய்வோ சிறியதொரு மேம்பாட்டைக் கண்டது. வைத்தியர்கள் பொதுவாக நல்லுணவு பெறுபவர்கள். குறையில்லாதவரிடத்தே நிரப்புதற்கு என்ன உண்டு என்னும் வினா இங்கு எழுகிறது. குறைநிரப்பி என்னும் பெயரே விடையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. குறை எங்குளதோ அங்கே அது பொருளுடையது.

இனி, உடற்பயிற்சி பற்றிய வாக்குறுதிகளை அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். மனநிலையைப் பொறுத்தவரை அதன் சான்று வலுவானது, எனினும் எல்லையற்றதன்று. ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயுள்ள 156 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1999இல் வெளியாயிற்று. பதினாறு வாரங்களின் பின் பயிற்சி செய்தோரும் மருந்து உட்கொண்டோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். ஆனால் அதில் போலிக் குளிசைக் குழு இருக்கவில்லை. அக்குறை நீக்கி 202 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தபோது, மேற்பார்வையில் பயிற்சி செய்தோரில் 45 வீதத்தினரும், மருந்து உட்கொண்டோரில் 47 வீதத்தினரும், போலிக் குளிசை உட்கொண்டோரில் 31 வீதத்தினரும் நோய் நீங்கினர். பயிற்சி மருந்துக்கு நிகராக நின்றமை முக்கியமானது. பயிற்சியோ மருந்தோ இன்றியே மூவரில் ஒருவர் அளவினர் தேறியமையும் மறக்கத்தக்கதன்று.

நினைவாற்றலைப் பொறுத்தவரை இன்னும் நிதானம் தேவைப்படுகிறது. பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது 120 முதியோரிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வாகும். வாரத்தில் மூன்று நாள் நடைப்பயிற்சி செய்தோரின் மூளையில், நினைவுக்கு இன்றியமையாத ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் பகுதி ஏறத்தாழ 2 வீதம் பருத்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் இலகு பயிற்சி செய்தோரிடம் அது சற்றுச் சுருங்கியது. இச்செய்தியைப் பரப்புவோர் கூறாது விடும் பகுதி ஒன்றுண்டு. நினைவுச் சோதனையில் இரு குழுவினரும் முன்னேறினர். மூளையின் பருமன் வேறு, நினைவாற்றல் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை வாக்களிப்பது, முன்னர்க் கண்ட போத்தல் மொழியின் மறுபிறவியேயாகும். 1,635 முதியோரிடம் இரண்டாண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான பேராய்வு, பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தோருக்கும் சுகாதார விரிவுரைகள் கேட்டோருக்கும் இடையே அறிவாற்றலில் வேறுபாடு காணவில்லை. இங்கிலாந்தில் மறதி நோய்க்கு ஏற்கெனவே ஆளான 494 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், பயிற்சி உடல்வலுவைக் கூட்டிற்று. அறிவாற்றலின் தேய்வைத் தடுக்கவில்லை.

பின்லாந்தில் 1,260 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு மாறுபட்ட அணுகுமுறையை மேற்கொண்டது. உணவு, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, குருதியமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே வழங்கப்பட்டன. இரண்டாண்டின் பின் மொத்த அறிவாற்றல் அளவீட்டில் நற்பயன் தெரிந்தது. ஆயினும் நினைவாற்றல் என்னும் தனிக்கூற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதனை விற்பதற்கு நினைவாற்றல் என்னும் சொல் முன்வைக்கப்படுகிறதோ, அதுவே எளிதில் அசையாததாய் நிற்கின்றது.

அவ்வாறாயின் உடற்பயிற்சியும் குளிசையும் ஒரே தட்டில் நிற்பவையா எனில், அன்று என்பதே விடை. இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் பயிற்சி செய்யும் நன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. மூளையும் குருதியால் வாழும் உறுப்பேயாகும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, அறிவாற்றல் தேய்வதைத் தணிக்கும் பொருட்டு உடலியக்கத்தைப் பரிந்துரைத்ததோடு, விற்றமின் ‘பி’, ‘ஈ’, மீனெண்ணெய் வகைக் கொழுப்பமிலங்கள், பல்கூட்டுக் குறைநிரப்பிகள் ஆகியவற்றை அதே நோக்கத்துக்காகப் பரிந்துரைக்கலாகாது என்றும் கூறியது. ஒப்பீட்டில் நடை வெல்கிறது. ஆனால் அது வெல்வது அடக்கமானதொரு வாக்குறுதியுடன் மட்டுமே.

இங்கு மிகை பேசுவதன் தீங்கு யாதெனில், அது நோயைக் குற்றமாக மாற்றிவிடுவதாகும். நடந்தால் மறதி வராது எனில், மறதிக்கு ஆளானவர் நடக்காதவர் என்றாகிவிடும். மலைச்சரிவில் கொழுந்துக் கூடையுடன் நாள் முழுதும் ஏறியிறங்கும் தொழிலாளிக்கு உடலியக்கம் குறைவென்று எவரும் கூறார். அவருக்குக் குறைவாய் இருந்தது பள்ளிப்படிப்பு. இது உணர்ச்சிவயப்பட்ட கூற்றன்று. மறதி நோய் பற்றி ‘லான்செற்’ மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க பதினான்கு காரணிகளைச் சுட்டி, அவை முற்றாக நீங்கின் உலகில் ஏறத்தாழ 45 வீதமான மறதி நோய்களைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என மதிப்பிட்டது. உடலியக்கக் குறைவு அவற்றுள் ஒன்று. கல்விக் குறைவு, கேள்விக் குறைபாடு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, காற்று மாசடைதல், சமூகத் தனிமை என்பனவும் அப்பட்டியலில் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தனிமனித உறுதியால் மட்டும் நீங்குவன அல்ல. பாடசாலையாலும், கண் வைத்தியத்தாலும், கிராமத்துச் சிகிச்சை நிலையத்தாலும் நீங்குவன.

மூளைநலத்தின் பொருட்டு மனித குலம் கண்ட மிக வெற்றிகரமான குறைநிரப்பி எது எனத் தேடின், அது எந்தக் கடையின் கண்ணாடித் தட்டிலும் காணப்படமாட்டாது. அயடீன் குறைபாடு கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. சுவிற்சர்லாந்து 1922 முதல் உப்பில் அயடீனைச் சேர்க்கத் தொடங்கிற்று. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் அது பொது நடைமுறையாயிற்று. குறையிருந்த இடம் அறியப்பட்டது, அளவு அறியப்பட்டது, செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி யாவரதும் கறிச்சட்டிக்குள் அது சென்றது. அதனை உட்கொள்வோர் தம்மை அறிவாளி ஆக்கும்படி எவரிடமும் காசு கொடுக்கவில்லை. உட்கொள்வதையே பெரும்பாலோர் அறியார்.

குளிசை விற்பனையையும் பயிற்சிப் போதனையையும் மதிப்பிடுதற்கு இவ்வுப்பை விடச் சிறந்த அளவுகோல் வேறில்லை. குறை எங்குளது, அதனை நீக்கும் வழி நிறுவப்பட்டதா, அவ்வழி அனைவருக்கும் திறந்துள்ளதா என வினவாத எந்த மூளைநலப் பேச்சும், ஏற்கெனவே நலமுள்ளோருக்கு நம்பிக்கையையும் நலமற்றோருக்குக் குற்றவுணர்வையும் விற்கும் பேச்சாகவே முடியும்.