நாளா, கணமா?

தேர்ந்த கை கட்டிய தரவுத்தளத்தைத் திறந்தால் என் கண் முதலில் தேதிப் புலங்களுக்குத்தான் போகும். பிறந்தநாளுக்கு ஒரு வகை, பணம் கட்டிய நேரத்துக்கு வேறு வகை, அடுத்த மாதச் சந்திப்புக்குத் தனி ஏற்பாடு என்று அவை பிரிந்து நிற்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. பிறந்தநாளுக்கு மணி கிடையாது, ஊரும் கிடையாது. நாட்காட்டியில் அது ஒரு நாள், அவ்வளவுதான். பணம் கட்டியதோ உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? சென்னையில் ஒருவர் உலாவியில் 1990 மார்ச் 15 என்று பிறந்த தேதியைத் தேர்கிறார். ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வகையான டேட் அதை உள்ளூர் நள்ளிரவு 12 மணியாகப் பிடித்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்ப ஜேசான் வடிவத்துக்கு மாறும்போது அது உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாறிவிடும். ஐந்தரை மணி நேரம் குறைந்து, மார்ச் 14 மாலை 6.30. சர்வர் மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமிக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. நியூயார்க்கில் இதே கோளாறு எதிர்ப்பக்கமாக வரும்: சேமிக்கும்போது தேதி மாறாது, ஆனால் '1990-03-15' என்ற சரத்தைத் திரும்பப் படிக்கையில் அது யூடிசி நள்ளிரவாகக் கொள்ளப்பட்டு, திரையில் 14 என்று தெரியும்.

இந்த இடத்தில்தான் ஜாவாவின் புதிய காலநூலகத்தை நான் வியக்கிறேன். ஜோடா-டைம் என்ற முந்தைய நூலகத்தை உருவாக்கிய ஸ்டீபன் கோல்போர்ன் முன்னின்று வடிவமைக்க, 2014இல் ஜாவா 8 உடன் வந்தது அது. லோக்கல்டேட் என்ற வகையிடம் மணி என்ன என்று கேட்கவே வழியில்லை. அதற்கான செயலே அதில் இல்லை. அந்த நாளை ஒரு கணமாக்க வேண்டுமென்றால் எந்த நேர மண்டலம் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பைலரே நிறுத்திவிடும். கவனமாக இருங்கள் என்று யாரும் அறிவுரை எழுத வேண்டிய தேவையை வகைகளின் அமைப்பே நீக்கிவிடுகிறது. இதைவிட அழகான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜாவா ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேபிஏ, 2017இல் தன் 2.2 பதிப்பில் லோக்கல்டேட் உள்ளிட்ட வகைகளை நேரடியாக ஏற்றுக்கொண்டதும், ஆப்ஜெக்டிலிருந்து அட்டவணை வரை அந்தத் தெளிவு நீண்டது. ஜாவாஸ்கிரிப்டில் பழைய டேட்டுக்கு மாற்றான டெம்போரலும் இதே பாதையில்தான் வருகிறது.

கீழே, தரவுத்தள அடுக்கில், போஸ்ட்கிரெஸ் தன் பங்கைச் செய்கிறது. நாளுக்கு 4 பைட். கணத்துக்கு 8 பைட். 2000 ஜனவரி 1இலிருந்து எண்ணிய மைக்ரோ விநாடிகள். சென்னையிலிருந்து +5.30 என்று அனுப்பினாலும் டோக்கியோவிலிருந்து +9 என்று அனுப்பினாலும், ஒரே கணமானால் உள்ளே ஒரே எண்தான். ஆனால் இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19உடன் நின்றுவிடும். இன்று தொடங்கும் இருபதாண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணைக்கு அதில் இடமில்லை.

மிகவும் நுட்பமானது வருங்காலச் சந்திப்பு. எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்துவிடு என்ற பொதுவிதி இங்கே செல்லாது. இலங்கையைப் பாருங்கள்: 1996 மே மாதம் கடிகாரம் +6.30க்கு முன்னேறியது, அக்டோபரில் +6 ஆனது, 2006 ஏப்ரலில் மீண்டும் +5.30க்கு வந்தது. 2006 தொடக்கத்தில், ஜூன் மாதம் கொழும்பில் காலை 10 மணிக்கு என்று பதிந்த மருத்துவர் சந்திப்பை யூடிசி 4 மணி என்று சேமித்திருந்தால், ஏப்ரலுக்குப் பிறகு அது 9.30 என்றுதான் காட்டும். மருத்துவரோ பத்து மணிக்குத்தான் வருவார். ஆகவே விவரம் அறிந்தவர்கள் 'காலை 10' என்ற உள்ளூர் நேரத்தையும் 'ஏசியா/கொழும்பு' என்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே வைப்பார்கள். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் பல்லாண்டுகளாகப் பேணிவரும் நேர மண்டலத் தொகுப்பில் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கின்றன. வரிசைப்படுத்தவும் நினைவூட்டல் அனுப்பவும் யூடிசி நேரம் தேவைதான். அதைக் கணக்கிட்டு மூன்றாவது புலத்தில் வைத்துக்கொண்டு, தொகுப்பின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இனி வரவிருக்கும் சந்திப்புகளுக்கு மட்டும் மறுபடி கணக்கிடுகிறார்கள்.