கோலை விட்டுப் புறப்பட்டவர்

ஒரு நாவலின் நடுவில் ஒரே ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒருவர் அதற்கு விமரிசனம் எழுதினால் நாம் சிரிப்போம். விளையாட்டுக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அதைக் கூசாமல் செய்கிறோம். தென்கொரியாவின் கோல்கீப்பர் கிம் பியுங்-ஜிக்கு நேர்ந்தது அதுதான்.

அவர் பெயரைச் சொன்னால் ரசிகர்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 2001 ஜனவரியில் ஹாங்காங்கில் பராகுவேயை எதிர்த்து நடந்த ஆட்டம். காலில் பந்து கிடைத்ததும் அவர் கோலை விட்டுப் புறப்பட்டு நடுக்கோட்டை நோக்கி ஓட்டிக்கொண்டே போனார். வழியில் பறிகொடுத்தார். பின்னால் கோல் காலியாகக் கிடந்தது. அப்போதுதான் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றிருந்த ஹாலந்துக்காரர் ஹிடிங்க் அதை லேசில் மன்னிக்கவில்லை. 2002 உலகக் கோப்பை கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்தபோது கிம் அணியில் இருந்தார். ஆனால் கொரியா ஆடிய 7 ஆட்டங்களிலும் கோலில் நின்றவர் லீ ஊன்-ஜே. கிம் ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. சொந்த ஊர் ஜனங்கள் தெருவெல்லாம் நிறைந்து கூத்தாடிய அந்த மாதத்தை அவர் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தார்.

இதிலிருந்து ஒரு நீதிக்கதை பண்ணிவிட்டார்கள். அடக்கமில்லாதவன் கெட்டான், பொறுமையாக இருந்தவன் வாழ்ந்தான் என்று. பின்னால் வால்போல் தொங்கவிட்டுச் சாயம் பூசிய தலைமயிரும் இந்தக் கதைக்குச் சௌகரியமாக அமைந்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை.

சில வருஷம் முன்னால் போவோம். 1998 லீக் பந்தயத்தில் இறுதிப் போட்டிக்குப் போவது உல்சானா, போஹாங்கா என்று தீர்க்கிற ஆட்டம். கிம் உல்சானின் கோல்கீப்பர். நேரம் முடிகிற தறுவாயில் தம் அணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்ததும் கோலைக் காலியாக விட்டுவிட்டு எதிரியின் கோல் வரைக்கும் ஓடினார். எழும்பி வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பெனால்டி உதையாக இல்லாமல் கொரிய லீகில் ஒரு கோல்கீப்பர் போட்ட முதல் கோல் அது. அதனால் பிழைத்த உல்சான், பெனால்டி உதைகளில் வென்று இறுதிப் போட்டிக்குப் போயிற்று. அன்று அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள். ஹாங்காங்கில் அதே ஆளைப் பொறுப்பற்றவர் என்றார்கள். இரண்டு தடவையும் ஓடியது ஒரே சுபாவம்தான். பலித்தால் மெச்சுவது, பலிக்காவிட்டால் ஏசுவது என்பது விமரிசனம் ஆகாது. கணக்குப்பிள்ளை செய்யவேண்டிய வேலை அது.

அதற்காக ஹிடிங்க் தப்பு செய்தார் என்று சொல்லமாட்டேன். கிம்மின் திறமையை அவர் அறியாதவரும் அல்ல. 1998 உலகக் கோப்பையில் மார்சேயில் கொரியாவை 5-0 என்று ஹாலந்து நொறுக்கியபோது, ஹாலந்தின் பயிற்சியாளர் அவர்தான். அன்று ஐந்தோடு நின்றதற்குக் காரணம் எதிர்க்கோலில் நின்ற கிம் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஆனால் 2002-ல் அவர் வகுத்த திட்டம் வேறு. பத்துப் பேரும் ஓடி ஓடி எதிரியை நெருக்கவேண்டும். பின்னால் இருப்பவன் இருந்த இடத்தில் இருப்பான் என்று அவர்கள் நம்பவேண்டும். லீ அப்படிப்பட்டவர். காசநோயில் விழுந்து எழுந்து வந்த மனிதர், காத்திருக்கத் தெரிந்தவர். குவாங்ஜூவில் ஸ்பெயினுடன் பெனால்டி உதைகள் வந்தபோது ஹோவாகின் உதைத்த பந்தைத் தடுத்தார். கொரியா அரையிறுதிக்குப் போயிற்று. இதற்குமேல் அந்தத் தேர்வுக்குச் சாட்சி வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு ஆள் பொறுக்குகிறவர் அப்படித்தான் பொறுக்கவேண்டும். ஒரு மனிதனுடைய முழு வாழ்க்கையை மதிப்பிட வந்த நமக்கு அந்த ஒரு மாதத் தராசு போதாது.

கிம்மின் முழு வாழ்க்கை நீளமானது. 1970-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்தபின் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பந்தாடி, ராணுவ அணிக்குப் போய், 1992-ல் உல்சானில் சேர்ந்தவர். 1996-ல் அந்த அணி லீக் பட்டம் வென்றபோது அதன் கோல் அவர் பொறுப்பில் இருந்தது. பிறகு போஹாங், சியோல், கியோங்னாம், ஜொன்னாம். 2008 ஜனவரியில் சிலியுடன் ஆடும்போது முதுகுத் தண்டில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை ஆயிற்று. வயது 37. யாரும் விலகியிருப்பார்கள், அவர் திரும்பி வந்தார். 2015 செப்டம்பரில் கடைசியாக ஆடியபோது வயது 45. மொத்தம் 706 லீக் ஆட்டங்கள். அந்த லீகில் வேறு யாரும் இத்தனை ஆடியதில்லை.

இந்த எண்ணிக்கையைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. இதில் 2004 முதல் 2007 வரை, மாற்று ஆள் இறங்காமல் தொடர்ந்து முழுசாக ஆடிய 153 ஆட்டங்களும் சேர்ந்திருக்கின்றன. ஊரார் பொறுப்பற்றவர் என்ற மனிதர் மதுவும் புகையும் தொடாமல், உடம்பின் எடையை ஏறத்தாழ 78 கிலோவிலேயே வருஷக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார். இது பகட்டுக்காரன் செய்கிற காரியமல்ல. கைதட்டல் இல்லாத நேரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், தினம் தினம் செய்யவேண்டியது.

அவரிடம் குறையே இல்லை என்பதல்ல. பந்து வராத நேரத்தில் கோல்கீப்பருக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆட்டத்தின் நடுவில் தாமும் இருக்கவேண்டும் என்ற ஆசை அவரை இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு தடவை தூக்கிவிட்டது, ஒரு தடவை கவிழ்த்தது. ஆனால் அந்த ஆசையோடேயே அவர் அறுநூறு எழுநூறு தடவை தம் இடத்துக்குத் திரும்பி வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றார். ஆசையே இல்லாதவன் நிற்பதைவிட இது சிரமமானது. அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஹாங்காங்கையும் எழுதட்டும். 706-ல் ஒரு வரியாக எழுதட்டும்.