சாமி, தேவன், கடவுள்

ஒரு சொல்லுக்கு நிகரான சொற்களை அகராதி வரிசையாகத் தருகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம் என்று அது சொல்வதில்லை; நம் மொழிபெயர்ப்பாளர்கள்தான் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘காட்’ என்ற சின்னச் சொல்லை வைத்தே இதைப் பார்க்கலாம்.

தமிழ் பைபிளில் அச்சொல் பட்ட பாடு பெரிது. சீகன்பால்குவுக்குச் சர்வேசுரன், பப்ரிசியுஸுக்குப் பராபரன், 1871ஆம் வருஷத்துப் பதிப்புக்குத் தேவன், 1995இன் திருவிவிலியத்துக்குக் கடவுள். 1871 பதிப்புக்காக உழைத்த குழுவில் இடையன்குடி கால்டுவெல்லும் இருந்தார். ‘தேவன்’ திருநெல்வேலிச் சீமையில் ஒரு சாதியின் பட்டப்பெயரும்கூட என்பது, பின்னால் பூலித்தேவனைப் பற்றி எழுதிய அவருக்குத் தெரியாததல்ல.

இந்த வரிசையில் சேராத சொல் ஒன்று உண்டு: சாமி. தாமிரவருணிக் கரையில் ஜனங்களின் வாயில் புழங்குவது அதுதான். சுடலைமாடனும் இசக்கியும் சொரிமுத்தையனாரும் சாமிகள். கொடையில் சாமி வரும், ஆடும், கோபிக்கும், குறி சொல்லும். கடவுள் வந்து ஆடினார் என்று எவனும் சொல்லமாட்டான். பைபிள்காரர்கள் இச்சொல்லை ஒதுக்கியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதில் ஏற்கனவே ஆள் குடியிருந்தது.

திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் 1943இல் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதினார். ‘சாமி’ என்று போட்டிருந்தால் பிள்ளை கற்பூரத்தைத் தேடியிருக்க வேண்டும். ‘தேவன்’ என்றால் பிரசங்க வாடை. கடவுள் என்ற சொல்லுக்கு ஊர் இல்லை, கொடை இல்லை. அதனால்தான் அவர் சென்னை பிராட்வே முனையில் வழி கேட்கும் அந்நியராக நிற்கவும், காப்பி குடிக்கவும், வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டவும் முடிகிறது. சாமி பிள்ளையின் பெயருக்குள் போய்விட்டது. வெளியே நிற்பவர் கடவுள். பிள்ளையின் குழந்தை மட்டும் அவரைத் தாத்தா என்கிறது. எந்த அகராதியும் ‘காட்’டுக்கு நேரே தராத சொல் இது. ஆனால் கதையில் அவரோடு உறவு ஏற்படுவது இந்த ஒரு சொல்லால்தான்.

ஐரோப்பியக் கவிதைகளைத் தமிழில் தருகிற நம்மவர்கள் எல்லா இடத்திலும் ‘கடவுள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அங்கே ஒருவன் மன்றாடுகிறானா, சண்டை பிடிக்கிறானா, நம்பிக்கை போனபின் வெறும் பழக்கத்தில் கூப்பிடுகிறானா என்று பார்ப்பதில்லை. கூப்பிடுகிறவனுக்கும் கூப்பிடப்படுகிறவருக்கும் என்ன உறவு என்று தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. இவ்விஷயத்தில் அகராதி உதவாது. கவிதையைத்தான் திரும்பப் படிக்க வேண்டும்.