குடிமனையும் மனமாற்றமும்: ஒரு நூல் நோக்கு

திருநின்றவூர் என்றதும் பூசலார் நினைவுக்கு வருவார். பொருளற்ற அவ்வடியார் இறைவனுக்கு மனத்தினுள்ளே கோயில் எழுப்பினார் என்பது பெரியபுராணச் செய்தி. மனத்தில் கோயில் கட்டலாம். குடியிருக்க மண் வேண்டும். பழைய செங்கற்பட்டு மாவட்டச் சேரி மக்களின் இம்மண் பிரச்சினையை ஆராய்வது, ரூபா விஸ்வநாத் எழுதி 2014இல் வெளிவந்த 'தி பறையா பிராப்ளம்' என்னும் ஆங்கில நூல்.

அம்மக்கள் உழுத நிலத்திற்கு மட்டுமன்றி, குடிசை நின்ற மனைக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். ஆகவே, எதிர்த்து நின்றவரை அடக்க வெளியேற்றும் அச்சமே போதுமானதாயிருந்தது. தரிசு கேட்டுத் தர்காஸ்து மனு கொடுத்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. திருவள்ளூர்ப் பகுதியில் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கவுடியும், செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் இந்நிலையை வெளிப்படுத்தினர். ஆட்சியர் திரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணையும் அச்சூழலில் எழுந்தவை.

நூலாசிரியரின் கூரிய வாதம் இதுவே: மிஷனெரிகள் நிலக்கட்டைக் கண்டும், சாதியை அடிப்படையில் சமய நோயாகவே கருதினர், எனவே சேர வந்தவரிடம் நிலத்தை நாடினாயா, கிறிஸ்துவை நாடினாயா என வினவினர். அயர்லாந்தின் ஆக்கில் தீவில் எட்வர்ட் நாங்கிள் 1831இல் தொடங்கிய புராட்டஸ்டண்டு குடியேற்றத்தைச் சேர்ந்தோர், பஞ்ச காலத்தில் கஞ்சிக்காக மதம் மாறியவர் எனப் பழிக்கப்பட்டனர். நம் நாட்டில் 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சும் அத்தகையதே.

இவ்வினாவே பிழையானது என்பது நம் கருத்து. எகிப்தில் இஸ்ரவேலர் முறையிட்டது அடிமை வேலையின் கொடுமையால், அதனைத் தேவன் ஜெபமாகவே கேட்டார் (யாத். 2:23-25). இறையியல் நோக்கில் நூல் நின்றுவிடும் இடமும் இதுவே. மதம் மாறியோரின் தந்திரோபாயத்தை விளக்கும் அளவிற்கு, அவர்தம் விசுவாசத்தை அது விளக்கவில்லை. மேலும், நூல் பெரிதும் ஆவணங்களைச் சார்ந்தது. எந்தக் குடும்பம் எந்த மனையினின்று துரத்தப்பட்டது என்னும் ஊர் நினைவு அதில் அரிதாகவே ஒலிக்கிறது.

அந்நினைவைக் கேட்டெழுதுவது ஊர்தோறும் செல்லும் போதகர்க்கும் மாணவர்க்கும் இயலும். தோப்பும் வயலும் மனைப்பிரிவுகளாகிவரும் இப்பகுதிகளில் காலந்தாழ்த்தலாகாது. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில், பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் இந்துப் பெயர். இருவரும் கேட்டது ஒரே நிலம். திருச்சபை தன் நில ஏடுகளைத் திறந்துவைத்து இந்நூலை வாசிப்பதே நேர்மையான வாசிப்பாகும்.