பருவம் சொல்லாத திணை

நெய்தல் என்றவுடன் இரங்கல் என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம் திறனாய்வில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. மாலை வந்தது, புள்ளினம் கூடடைந்தது, தலைவன் தேர் வரவில்லை, தலைவி வருந்தினாள். இவ்வளவில் ஒரு திணையின் கதையை அடக்கிவிடுகிறோம். பரதவன் எந்தக் காற்றில் கடலேறினான், எந்தத் திங்களில் வலை உணக்கினான், அவன் மகள் எந்த வெயிலில் மீன் காயவைத்தாள் என்று கேட்பவர் சிலரே. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் போர்ட் பிளேர்க் கரையில் நின்று சிறிது எண்ணிப் பார்க்கலாம் என்பது நம் விருப்பம். 2024ஆம் ஆண்டில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் நம் நாவில் பழம்பெயரே முந்துகிறது.

தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் மாலையையும் உரிமையாக்கினார். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் தந்து, முன்பனியையும் சேர்த்தார். பாலைக்கு வேனிலும் நண்பகலும் கொடுத்துப் பின்பனியையும் உடன் வைத்தார். நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டும் வகுத்தார். பெரும்பொழுது எதனையும் அவர் கூறவில்லை. கூறாமையால் ஆறு பருவமும் உரியன என்று உரையாசிரியர்கள் கொண்டனர். பின்வந்த நம்பியகப்பொருளும் அவ்வாறே ஆறனையும் மருதத்திற்கும் நெய்தலுக்கும் பொதுவாக்கிற்று. மருதத்தின் செய்தி வேறு; அதனை உழவறிந்தோர் ஆராயட்டும். ஆனால் கடலுக்கு ஆறு பருவமும் ஒன்றுபோல் உரியன என்பதை எந்த மீனவரும் ஒப்பமாட்டார். அவருடைய ஆண்டு காற்றினால் வகுக்கப்பட்டது. வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் சொல்லும்போது அவை கவிதைச் சொற்கள் அல்ல. அடுப்பு எரியும் நாளும் எரியாத நாளும் ஆகும்.

அப்படியானால் இலக்கணம் ஏன் பருவம் சொல்லவில்லை? பண்டைத் தமிழகத்திற்குக் கரை ஒன்றன்று, இரண்டு என்பதையே நாம் விடையாகக் கருதுகிறோம். மேலைக்கரையில் தொண்டியும் முசிறியும் இருந்தன. கீழைக்கரையில் கொற்கையும் புகாரும் இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று கொந்தளிக்கும் ஆனி, ஆடித் திங்களில் சேரர் கரை வாயிலை அடைத்துக்கொள்ளும். அதே நாளில் சோழர் கரையில் திமில்கள் சென்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் கீழைக்கரை மூடும், மேலைக்கரை திறக்கும். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் அந்த நூற்றுக்குள்ளேயே தொண்டிக்கு ஒரு பத்து முழுவதையும் தருகிறார். கொற்கைப் பெருந்துறையையும் பாடுகிறார். ஒருவர் பாடிய நூறு பாட்டுக்குள் இரு கடல்கள் உள்ளன. இரண்டிற்கும் பொதுவாக விதி வகுக்க வந்த இலக்கணி எந்தப் பருவத்தைச் சொல்வார்? கார் என்றால் ஒரு கரைக்குப் பொய். கூதிர் என்றால் மற்றொரு கரைக்குப் பொய். ஆகவே அவர் வாளாவிருந்தார். தொல்காப்பியர் இதனை வெளிப்படக் கூறவில்லை. இது நம் உய்த்துணர்வே. எனினும் அவருடைய மௌனம் மறதியன்று என்பது நம் துணிபு.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென் அந்தமானுக்கே இரு கரைகள் உள்ளன. கீழ்ப்புறத்தில் கார்பின் கடற்கரை, மேல்புறத்தில் வண்டூர். காலையில் ஒன்றையும் பிற்பகலில் மற்றொன்றையும் பேருந்திலேயே சென்று பார்த்துவிடலாம். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று வண்டூர்க் கரையை அறைந்துகொண்டிருக்கும். தீவின் முதுகுக்குப் பின்னால் கீழ்க்கரை ஓரளவு ஒதுங்கி நிற்கும். மார்கழியில் வாடை திரும்பினால் கீழ்க்கரையில் அலை எழும். வண்டூர் குளம்போல் கிடக்கும். தை பிறந்து வாடையும் தளர்ந்தபின் இருபுறமும் அடங்கிச் சித்திரை வரை நீடிப்பதே இங்கு மீன்பிடியின் நற்காலம். குளிர்காலம் என்று நாம் சொன்னாலும் போர்வை தேடும் குளிர் இங்கில்லை. மழை ஓய்ந்த காலம் என்பதே அதன் பொருள்.

அந்நாள்களில் ஜங்கிளிகாட் மீன் இறங்குதுறைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். டுங்கி என்று எல்லா மொழியினரும் இங்கு வழங்கும் சிறு இயந்திரப் படகுகளில், பாறைச் சரிவுகளின்மேல் கைத்தூண்டில் இறக்கிப் பிடித்த களவாயும் சங்கராவும் விளமீனும் வந்து இறங்கும். ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சென்று பிடித்த சூரையும் நெய்மீனும் பாறையும் வரும். விலை பேசும் குரலில் தெலுங்கும் வங்காளமும் மலையாளமும் தமிழும் இந்தியும் கலந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் தங்கூசியைக் கையில் சுற்றிக்கொண்டு கரைக்கல்லில் அமர்ந்திருப்போருள் நம்மைப் போன்ற எழுத்தர்களும் உண்டு.

இந்தக் கரையிலிருந்து நற்றிணையின் 45ஆம் பாட்டைப் படித்தல் வேண்டும். தேரில் வந்த செல்வன் மகனைத் தோழி மறுத்துப் பேசும் பாட்டு அது. இவள் கடலைக் கலக்கி மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீ கொடியாடும் மூதூர்ச் செல்வன் மகன். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் எங்களுக்கு உன்னால் என்ன பயன்? எங்கள்மேல் புலால் நாறும், அப்பால் நில் என்கிறாள் அவள். எங்களுள்ளும் பெருமை உடையார் உண்டு என்று முடிக்கிறாள். ஏழைமையின் செம்மாப்பு என்று இதனைப் பலரும் பாராட்டியுள்ளனர்; பாராட்டத் தக்கதே. ஆனால் காய்கின்ற சுறாத்துண்டத்தை அவர்கள் கடந்து சென்றுவிட்டார்கள். நிணமுள்ள மீன் மழைநாளில் காயாது, நாறிப் புழுக்கும். அப்பாட்டுக்குள் வெயில் இருக்கிறது, வறண்ட காற்று இருக்கிறது, கடல் திறந்து மிகுந்த மீன் வந்த ஒரு வாரம் இருக்கிறது. தின்றது போக உணக்குவதற்கு மிஞ்சியிருக்கிறது. தோழியின் துணிவு அந்த மிச்சத்தின்மேல் நிற்கிறது என்பது நம் கருத்து. கையில் வரவுள்ள பருவத்தில்தான் செல்வனைப் பார்த்து அப்பால் நில் என்று இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியும். இலக்கணம் கூறாத பெரும்பொழுதைப் பாட்டு கூறிவிடுகிறது.

பட்டினப்பாலையில் புகார்ப் பரதவர் முழுமதி நாளில் வேட்டைக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிக் களிக்கின்றனர். இதனைச் சமயச் சடங்கு என்று மட்டும் எழுதுவது போதாது. முழுநிலாவில் ஓதம் மிகும், நீரோட்டம் வலையை இழுக்கும், நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும். ஓய்வுக்குத் தெய்வத்தின் துணை கிடைத்தது. ஓய்வின் காரணம் கடலில் இருந்தது.

அகநானூற்றின் 80ஆம் பாட்டில், இரவில் வராதே, கழியில் முதலையும் கோட்டுமீனும் திரிகின்றன, பகலில் வா என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். உவர்நீர் முதலை இல்லாத இன்றைய தமிழகக் கரையில் படிப்பவர்க்கு அது ஆற்றின் அருமை கூறும் மரபுச் செய்தியாகவே தோன்றும். இங்கு அது அரசு நட்டுவைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை. சதுப்புநிலக் கழிமுகத்தில் அந்திக்குப்பின் தூண்டில் போடுபவரை அவர் மனைவி தடுப்பதும் தோழி சொன்ன அதே சொல்லால்தான்.

எற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அதனைக் கதிர் சாயும் நேரம் என்றே பெரும்பாலோர் கொண்டனர். மார்கழியில் இத்தீவில் ஐந்து மணியளவில் கதிர் மறைந்துவிடும். அலுவலகம் விட்டு நாம் வெளியே வருமுன் நெய்தலின் சிறுபொழுது முடிந்திருக்கும். ஆனால் இரவு மீன்பிடிக்குச் செல்லும் படகுகள் புறப்படுவது அந்நேரத்தில்தான். சங்கப் பாடல்களில் இருட்கடலில் மின்னும் திமில் விளக்குகளும் எற்பாட்டில் கரையை விட்டவையாகவே இருக்க வேண்டும். தலைவி இரங்கும் நேரமும் படகு தள்ளும் நேரமும் ஒன்றே. ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டது நம் திறனாய்வின் குறை.

புதினத்துக்கு வருவோம். தகழியின் செம்மீன் 1956இல் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் நாம் அதனைப் படித்தோம். அதில் கறுத்தம்மையின் காதலைவிட நம்மைக் கட்டியது சாகரைக் காலம். மழைப்பருவத்தில் சேற்றுப்படுகையால் கடல் அமைதியுறும்போது கரையே செல்வமும் கடனுமாகக் கொந்தளிக்கிறது. வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977) வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் மூண்ட பகையை மெல்லிய குரலில் சொல்கிறது. அதன் மனிதர்கள் மறக்க முடியாதவர்கள், ஆனால் கடல் பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு (2004) கட்டுமரத்தின்மேல் நம்மை ஏற்றிவிட்டுக் காற்றையும் நீரோட்டத்தையும் பரதவர் பேசும் சொல்லாலேயே கூறியது. கட்டுக்கோப்பில் தளர்ச்சி உண்டு, பாத்திரங்கள் மிகுதி. எனினும் தொழிலறிவு உணர்ச்சிக்குப் பகையன்று என்பதைத் தமிழில் நிறுவிய நூல் அது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் தீவுத் தமிழர் எழுதும் கடற்கவிதைகளைப் பார்க்கும்போது உள்ளம் சோர்கிறது. யார் எழுதியது, எந்த மலரில் வந்தது என்று சொல்ல வேண்டா. நம் நண்பர்களே எழுதியவை. நீலப்பட்டு, அலைமகள், தாய்மண்ணைப் பிரித்த பேராழி என்று வருகின்றன. கப்பலில் வந்திறங்கிய தலைமுறைக்கு அந்தப் பிரிவு மெய். அதனை நாம் இகழவில்லை. ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளையும் சென்னைத் துறைமுகத்தை நோக்கி இரங்கிக்கொண்டிருப்பது கற்றுக்கொண்ட துயரம். அவன் தெருமுனையில் களவாய் விற்கிறது. எந்தக் காற்றில் அது மலிவாகும் என்று அவன் தாய்க்குத் தெரியும். அவன் கவிதைக்குத் தெரியவில்லை.

அவன் சிப்பிகாட்டுக்குச் சென்று பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலம் நடுங்கியபோது தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நெல் விளைந்த வயலில் கடல் ஏறியது. பின் இறங்கிப் போய்விடவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். மருதம் திரிந்து நெய்தலானதை அவர் கண்டதில்லை, நாம் கண்டோம். வரப்பு இருந்த இடத்தில் இன்று ஓதம் ஏறியிறங்குகிறது. தை மாதப் பிற்பகலில் அந்த நீருக்குள் முழங்காலளவு நின்று மடவைக்கு வலை வீசுகிறார்கள்.