டர்போ கட்டிய குடும்பக் காரை ரசிப்பது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்கள் வெளியேறும் வாசலருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டீசல் உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் ஏறும். கியர் மாற்றக் காலை எடுத்ததும் அடங்கிவிடும். அதுதான் டர்போ. காதைப் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, காசும் செலவில்லை.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் டர்போ சுமை இழுக்கத் தேவையான கருவி. ஆபீஸ், பள்ளிக்கூடம், கல்யாண வீடு என்று ஓடும் ஒரு சாதாரண செடானில் அதைக் கட்டினால் என்ன ஆகும்? நம் மாநிலத்திலேயே அதைச் செய்து பார்த்தார்கள். ரேஸ் ஓட்டுநர் ஜெ. ஆனந்தின் கோவை நிறுவனமான ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டு கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் டிகோர், டிக்கி வைத்த குடும்பக் கார். நம் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் காற்றுக் கணக்கு

அன்றைய சாதாரண பெட்ரோல் டிகோரின் சக்தி 85 குதிரைத்திறன், இழுவிசை 114 நியூட்டன் மீட்டர். ஜேடிபியிலும் அதே 1.2 லிட்டர், அதே மூன்று சிலிண்டர். ஆனால் சக்தி 114, இழுவிசை 150. இந்தக் கூடுதல் எல்லாம் வீணாய்ப் போகும் புகையிலிருந்து வந்தது. சைலன்சருக்குப் போகிற வழியில் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். காருக்கு வந்தது 1962-ல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வழியாக. அன்றாடக் குடும்பக் காருக்கும் இது ஒத்துவரும் என்று எழுபதுகளின் கடைசியில் காட்டியது ஸ்வீடனின் சாப் 99. மதுரையில் வேர்விட்ட டிவிஎஸ் குழுமத்தின் டர்போ எனர்ஜி நிறுவனமும் 1980-களில் தமிழ்நாட்டில் டர்போ தயாரிப்பைத் தொடங்கியது.

பானெட்டைத் திறந்து பாருங்கள்

காற்றைத் திணிப்பது எளிது. திணித்ததைத் தாங்க வைப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. டர்போ என்ஜினை ரசிக்க வேண்டிய இடமும் இதுவே.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமல்லவா, அதேபோல் அழுத்திய காற்று கொதிக்கும். சித்திரை வெயிலில் கப்பலூர் டோல்கேட் வரிசையில் நிற்கிற காருக்கு உள்ளே வரும் காற்றே 40 டிகிரி. அதை அழுத்தினால் நூறைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மீதிப் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இந்தத் தட்டலைத்தான். தொடர்ந்தால் பிஸ்டன் போய்விடும். அதனால்தான் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கிறது. ஜேடிபியின் பானெட்டில் சூடு வெளியேறத் திறப்புகளும் வைத்தார்கள்.

அடுத்து, அடக்கத்தைக் கவனியுங்கள். டாடாவின் நெக்ஸானில் இருந்த 1.2 லிட்டர் டர்போ 170 நியூட்டன் மீட்டர் தந்தது. டிகோருக்கு 150 போதும் என்று நிறுத்திக்கொண்டு, கியர் விகிதங்களைக் குறுக்கினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி, காரை 4 மில்லிமீட்டர் தாழ்த்தி, 15 அங்குலச் சக்கரம் மாட்டினார்கள். சக்தியைக் கூட்டும்போதே மற்ற பாகங்களையும் அதற்குத் தக்கபடி மாற்றியதுதான் நல்ல வேலைக்கு அடையாளம்.

ஓட்டும்போது

நத்தம் சாலையோ நான்குவழிச் சாலையோ, காலியாக இருக்கும் இடத்தில் மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். மெதுவாக மிதியுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து இருக்கை முதுகைத் தள்ளும். அந்த இடைவெளிக்கு டர்போ லேக் என்று பெயர். நன்றாக டியூன் செய்த வண்டியில் இந்தத் தயக்கம் குறுகலாக இருக்கும், இழுவை திடீரென்று வராமல் சீராக ஏறும். ஜேடிபியில் சிட்டி, ஸ்போர்ட் என்று இரண்டு நிலைகள் உண்டு. பொத்தானை மாற்றி அதே சாலையில் அதே அளவு மிதித்துப் பார்த்தால் மென்பொருளின் பங்கும் புரிந்துவிடும்.

உண்மையான பரீட்சை வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது. கொடைக்கானல் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். சாதாரணக் காருக்கு மூச்சு வாங்கும், ஏசியை அணைக்கத் தோன்றும். டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டும். கொண்டை ஊசி வளைவு முடிந்து நிமிரும் இடத்தில் வித்தியாசம் தெரியும்.

நம் ஊர்ப் பட்டறையில்

லேத் பட்டறையில் என்ஜின் பிளாக் போரிங் நடந்தால் அனுமதி கேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். போர் கேஜின் முள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு அசையும். ஹோனிங் முடித்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் தெரியும். எண்ணெயைப் பிடித்துவைப்பவை அவைதான். டர்போ என்ஜினின் ஆயுளும் இந்த நுணுக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டுக் காருக்கு நாமே டர்போ கட்டும் ஆசை வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யும் இன்சூரன்சும் சிக்கலாகும்.

பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-க்குப் பிறகு ஜேடிபி கார்கள் புதிதாக வரவில்லை. பழைய வண்டிச் சந்தையில் கண்ணில் பட்டால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள், காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வாங்க வேண்டாம்.