கட்டபொம்மன் வாளும் கடையநல்லூர் நோட்டும்

நெல்லையில் ஒருவர் பழம்பொருள் சேர்க்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், கட்டபொம்மன் வாள் அவர் வீடு தேடி வரத் தொடங்கிவிடும். சாக்கில் சுற்றியிருக்கும், தேங்காயெண்ணெய் மணக்கும், பித்தளைப் பிடியில் ஒரு யாளி முகம் இருக்கும். கூடவே, “எங்க பூட்டனாரு பாஞ்சாலங்குறிச்சி சண்டையில பிடிச்சது” என்ற வாக்கும் வரும். கொண்டுவந்தவருக்கு மோர் கொடுத்து, வாளை வாங்காமலே அனுப்பிவிடுவேன். அந்த வாள் தப்பிப் பிழைக்க வழியில்லாதபடிதான் இந்த மண்ணில் வரலாறு நடந்திருக்கிறது.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், கையோடு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார். மே 24-ல் அதுவும் விழுந்தது. இந்த முறை கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தரைமட்டமாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நாம் பார்க்கும் கோட்டைகூட 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டைதான். ஆயுதத்தை ஒளித்து வைத்தால் உயிருக்கு ஆபத்து, உலையில் போட்டால் கலப்பைக் கொழு. ஏழைக் குடியானவன் எதைச் செய்திருப்பான் என்று யோசித்தால் போதும். அரண்மனை ஆயுதங்களுக்கே வேறு கதி இல்லை. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையை 1863-ல் கலைத்தபோது தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சமெல்லாம் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் தந்த வளரிகள் (எறியும் வளைதடிகள்) அப்படித் தப்பியவை. அவற்றைப் பார்த்தவர்களுக்குக் கடைத்தெரு வளரியின் பொய் உடனே தெரிந்துவிடும்.

நம்மூரில் வாள் என்றும் ஈட்டி என்றும் விற்பனைக்கு வருவதில் ஒரு பகுதி சாமி ஆயுதம். சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்து வைத்த வெட்டரிவாள், வல்லயம். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழையவை ஓரம் கட்டப்பட்டு, ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போய், அங்கிருந்து “பாளையக்காரர் ஆயுதம்” ஆகிவிடுகின்றன. நேர்த்திக்கு அடித்ததற்கு வெட்டுவாய் தீட்டியிருக்காது. பிடி மனிதக் கைக்குப் பொருந்தாது. மணி கட்டத் துளை இருக்கும். அது பொய்ப் பொருள் ஆகாது. அதற்கு வேறொரு மதிப்பு உண்டு, அந்தப் பெயரிலேயே அதை வைத்திருக்கலாம். இன்னொரு பகுதி லாரி ஸ்பிரிங் பட்டையில் போன வருஷம் அடித்தது. உப்பும் ஆசிடும் ஊற்றி வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில் மேலாக நிற்கும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். இருநூறு வருஷத் துரு கறுத்து, இரும்பையே அரித்து உள்ளே இறங்கிக் குழி பறித்திருக்கும். மெய்யாகவே பழையது என்றாலும் சும்மா வாங்கிவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

வாளை விட்டுவிடலாம். தாமிரபரணிக் கரையில் மெய்யான போர்ப்பொருள் ஏராளமாக உண்டு. யாரும் அதற்குப் பெரிய விலை சொல்வதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். 36 மில்லிமீட்டர் அகலம். ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ், மறு முகத்தில் கழுகுக் கேடயத்தை மிதித்து நிற்கும் குதிரைமேல் ஆடையில்லாத வீரன். இந்த இரண்டு முகங்களையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. வாங்கியவனின் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அந்த மெல்லிய வெள்ளி விளிம்பில் ஒவ்வொரு எழுத்தாக அச்சுக் கொண்டு அடிக்கப்பட்டிருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் குழிக்குள் செங்குத்தாக இறங்கி நிற்பது தெரியும். ஒரு எழுத்து இம்மி ஆழமாக, பக்கத்து எழுத்து இம்மி மேலாக இருக்கும். தமிழ்ப் பெயரைக் காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் பிழையும் அப்படியே பதிந்திருக்கும். பெங்களூரிலிருந்து மெசபடோமியாவுக்குக் கப்பலேறிய சென்னை சப்பர்ஸ் படைக்காரன் ஒருவனின் பெயரை அப்படி விரல் நகத்தால் தடவிப் பார்ப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சியை எந்த யாளிப் பிடி வாளும் எனக்குத் தரப்போவதில்லை. சிறந்த வேலைப்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். அரசரின் முகத்தைச் செதுக்கிய அதே கவனத்தோடு, ஒரு சாதாரண சிப்பாயின் எண்ணையும் எவனோ ஒரு தொழிலாளி உட்கார்ந்து அடித்திருக்கிறான்.

ஏமாற்றும் இந்த விளிம்பில்தான் நடக்கும். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலைபோகிற பிரிவின் பெயரைப் பொறிப்பார்கள். ராவிய இடத்தில் வெள்ளி குறைந்திருக்கும். நகைப்பட்டறையில் ஆசாரியிடம் வெர்னியர் வாங்கி மேலும் கீழும் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு மாறினால் பெயர் மாறியிருக்கிறது. வார்ப்பு நகலுக்கும் அளவே சாட்சி. அசலின் மேல் அச்செடுத்து வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், ஆகவே நகல் அசலைவிடச் சற்றே சிறியதாகத்தான் வரும். குதிரையின் பிடரிமயிர் மழுங்கி, பரப்பில் ஊசி குத்தியது போன்ற துளைகள் இருக்கும்.

பெயர் உண்மையானால் ஆளைத் தேடலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இருப்பார்: முதல் போருக்கு பாஸ்ரா நினைவுச்சின்னம், இரண்டாம் போருக்கு ரங்கூன், சிங்கப்பூர் கிராஞ்சி என்று. தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்துப் பதிந்த வரிகள் அங்கே உண்டு. உயிரோடு திரும்பியவர் என்றால் வீட்டில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ பென்ஷன் புத்தகமோ கிடக்கும். காகிதத்தில் இருக்கும் எண்ணும் விளிம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக நிற்கிற தருணத்தில் பதக்கம் மெய்யாகிறது. இரண்டாம் போரின் ஆறுமுனை பர்மா ஸ்டாருக்கு நகல்கள் அவ்வளவு மலிந்துவிட்டன. காகிதம் இல்லாமல் வந்தால் நான் காசு கொடுப்பதில்லை.

இந்திய தேசிய இராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பதக்கம் என்று வருபவற்றில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் 1942-ல் நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது உருவானவை. வியன்னாவில் செய்யப்பட்டு, ஐரோப்பாவில் இருந்த இந்தியப் படையினருக்குக் கொடுக்கப்பட்டவை. நம் ஊர்க்காரர்கள் சேர்ந்ததோ மலேயாவிலும் சிங்கப்பூரிலும். பினாங்குக்குப் போன தாத்தாவின் பெட்டியில் வியன்னாப் பதக்கம் இருந்தது என்றால், நடுவே ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்று பொருள்.

அந்தத் தாத்தாக்களின் பெட்டியில் மெய்யாகவே இருப்பது காகிதம். சிற்றாற்றுப் படுகையில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போனவர்கள் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சமூகமாகவே குடியிருந்தார்கள். 1941-ல் கடையநல்லூர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஊருக்குக் கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை. மூன்றரை வருஷம் அவர்கள் கூலி வாங்கியதும் அரிசி வாங்கியதும் ஜப்பான் நோட்டில். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்த நோட்டு செல்லாது என்றார்கள். ஊர் திரும்பியவர்களின் தகரப் பெட்டிகளில் அது கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தது.

பத்து டாலர் நோட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குலை தள்ளிய வாழை. மலேயாவில் இதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர். பின்புறம் கடலில் ஒரு கப்பல். ஜப்பானிய அரசு பத்து டாலர் தருவதாக ஆங்கிலத்தில் வாக்குக் கொடுக்கிறது. எந்தத் தேதியும் இல்லை, எவருடைய கையெழுத்தும் இல்லை. சிவப்பில் இருக்கும் எழுத்துகள் ‘எம்’மில் தொடங்கினால் மலேயா, ‘பி’யில் தொடங்கினால் பர்மா. முதலில் அடித்தவற்றில் வரிசை எண் உண்டு, பிறகு அதுவும் போய் எழுத்து மட்டும் நின்றது. தாளும் மையும் வருஷத்துக்கு வருஷம் தாழ்ந்துகொண்டே போவதை நான்கு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலே படித்துவிடலாம். ஒரு பேரரசு தோற்றுக்கொண்டிருப்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் வேறொன்றை நான் கண்டதில்லை.

போலியைக் கண்டுபிடிக்க லென்ஸும், கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கும் போதும். அசலில் வாழை இலையின் நரம்பு முறியாத கோடாக ஓடும். கம்ப்யூட்டர் நகலில் அது பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். நீல விளக்கில் இந்தக் காலத்துத் தாள் பளிச்சென்று வெள்ளை நீலமாக ஒளிரும், போர்க்காலத் தாள் மங்கியே கிடக்கும். ஆனால் அசல் நோட்டை யாராவது சலவைத்தூள் போட்டு அலசியிருந்தாலும் ஒளிரும் என்பதை மனதில் வையுங்கள். தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கியது எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும். மெய்யான பழுப்பு மடிப்பிலும் ஓரத்திலும்தான் தொடங்கும். ‘ஸ்பெசிமன்’ என்றோ வேறு ஏதாவதோ சிவப்பு முத்திரை குத்திப் பல மடங்கு விலை சொன்னால், நோட்டு அசலாக இருந்து முத்திரை பொய்யாக இருக்கலாம். சாதாரணப் பத்து டாலர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அதை யாரும் புதிதாக அடிக்க மாட்டார்கள். போலி வருவது ஆயிரம் டாலரிலும் அரிய எண்களிலும்தான்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வரிசை எண் இல்லாத நோட்டைக் கள்ளமாக அடிப்பது எளிது என்பதால் போர் நடக்கும்போதே மலேயாவில் கள்ள ஜப்பான் நோட்டு புழங்கியது. அன்றைய கள்ள நோட்டு இன்று மெய்யான போர்க்காலப் பொருள். நல்ல சேகரிப்பில் அதற்கும் இடம் உண்டு.

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வீராவநல்லூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் ஒரு வேண்டுகோள். நோட்டை லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். ஆவணங்களுக்கென்று விற்கும் உறையில் போட்டு வையுங்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பில் இருக்கும் எழுத்து தேய்ந்துவிடும். கொண்டுவந்தவர் பெயர், எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார், எந்த வருஷம் திரும்பினார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் பென்சிலால் எழுதி அதே உறையில் சேர்த்து வையுங்கள். விற்கும் நிலை வந்தால் அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள். வாங்குகிறவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.